ரப்பர் உருளையில் ஒரு மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்குப் பின்னால் நிற்பேன். கையில் ஒரு துணி இருக்கும். ஏற்கெனவே துடைத்த பெட்ரோல் டாங்கியை மறுபடியும் துடைப்பேன். பார்ப்பவர்களுக்கு, வண்டியின் மேல் ரொம்பப் பாசம் வைத்திருக்கும் ஆள் போலத் தெரியும். உண்மையில் தெருவில் யாராவது வருவார்களா, வந்தால் அவர்களாகவே "தள்ளணுமா அண்ணே?" என்று கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நானாகக் கேட்க மாட்டேன். எனக்குக் கேட்க வராது.

என் வண்டி இங்கிலாந்தில் செய்தது. என்னைவிட வயதில் மூத்தது. ஐந்நூறு சிசி, ஒரே சிலிண்டர். பட்டனை அழுத்தினால் கிளம்புகிற வசதியெல்லாம் அதில் கிடையாது. உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்தாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். பல வருடம் உதைத்திருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஒரு நாள் அதிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி வலது முட்டி திரும்பிக்கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் இனி எதையும் உதைக்கக் கூடாது என்றார். அவர் பந்தை நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்கு வண்டிதான் ஞாபகம் வந்தது.

உதைக்க முடியாத வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் மேலே உட்கார, ஒருவர் பின்னால் தள்ள, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டும். நாங்கள் இருப்பது பண்டமாரானில் ஒரு வரிசை வீடு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வங்கியில் வேலை செய்கிறவர், நல்ல மனுஷர். சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு சில தடவை தள்ளிவிட்டார். பிறகு ஒரு ஞாயிறு நான் வண்டியின் உறையை எடுத்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. காற்றில் சாத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க என்னால் முடியவில்லை.

யாரும் வராத ஞாயிறுகளில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன்.

"போகலையா?" என்பாள் மனைவி.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். காலை எட்டு மணிகூட ஆகியிருக்காது.

அந்த வண்டியில் நான் பெரிதாக எங்கும் போவதில்லை. கிள்ளானிலிருந்து பழைய சாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்கக் கிடங்கில் ஆளாளுக்கு என்னைப் பார்த்துக் கத்துவார்கள், இதை எடு, அதை இறக்கு, பின்னால் பார் என்று. ஞாயிறு காலை அந்தச் சாலையில் மட்டும் யாரும் எனக்கு எதுவும் சொல்வதில்லை.

இந்த நிலைமையில்தான் மச்சான் போன் செய்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பண்டமாரானிலேயே ஒரு லோரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு, நம்ம ஆளுதான். பழைய பைக் ஒண்ணு தேடுறாரு."

இன்னொரு குரல் வந்தது. "வணக்கம் அண்ணே. கடையைப் பெருசாக்குறேன். வாசல்ல ஒரு பழைய பைக் நிறுத்தி வைக்கணும். ஸ்டார்ட் ஆகாட்டியும் பரவால்ல லா. எனக்குப் பார்வைக்குத்தான்."

"ம்," என்றேன்.

"அப்ப மாசக் கடைசி ஞாயிறு வந்து பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். "சரிங்க," என்றேன்.

போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வண்டி எங்கே போகப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. டாங்கியில் பெட்ரோல் இருக்காது. டயர் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் ஈரக் கையோடு ஹாண்டில்பாரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சைலன்சரில் யாராவது பல்குச்சியைச் சொருகுவார்கள்.

மனைவி, "நல்லதுதானே? இங்க துணி போட்டு மூடிவைக்கிறதுக்கு அங்க நாலு பேரு பாப்பாங்க," என்றாள். ஸ்டார்ட் செய்ய முடியாத வண்டியை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். அதுவும் நான் தனியாக, யாரையும் கூப்பிடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் அது நடந்துவிட்டால், அந்த மனிதரே வந்து பார்த்து, "ஓடுற வண்டியை எதுக்கு அண்ணே விக்கிறீங்க, வச்சு ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போவார். என் வாயால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. இப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் பந்தய வண்டிகளைக் கிளப்புகிறார்கள். தரையில் இரும்புச் சட்டம். அதற்குள் இரண்டு உருளைகள். வண்டியின் பின்சக்கரத்தை அந்த உருளைகளின் நடுவில் ஏற்றி நிறுத்துகிறார்கள். உருளைகள் சுற்றுகின்றன, சக்கரம் சுற்றுகிறது, கியரில் இருக்கும் வண்டி கிளட்ச்சை விட்டதும் பிடித்துக்கொள்கிறது. தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஒரு கிழவர் ஒற்றை ஆளாக அதைச் செய்துவிட்டு எவரையும் பார்க்காமல் போகிறார். அந்தக் கிழவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மச்சானிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"செய்யலாம் மாமா. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனா பார்ட்டி இன்னும் குஷியாயிடுவாரு."

அவர் அதைப் பார்ட்டிக்காகச் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வெல்டிங் அவர் கையில் இருந்தது.

உருளைக்காக அலைந்தோம். தண்ணீர்க் குழாய் வழுவழுப்பாக இருந்தது, டயர் வழுக்கும். கிடங்கில் கழித்துப் போட்ட கன்வேயர் உருளை கிடைத்தது, அதன் தகடு தக்காளி டின் மாதிரி நசுங்கியது. கடைசியில் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பழைய இரும்புக் கடையில், மழையில் ஊறிக் கிடந்த இரண்டு ரப்பர் ஷீட் மெஷின்களைப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்துகிற மெஷின் அது. மேலே ஒரு இரும்பு உருளை, கீழே ஒரு இரும்பு உருளை. கைப்பிடியைச் சுற்றினால் ரப்பர் இரண்டுக்கும் நடுவே நுழைந்து மெல்லிசாக அந்தப் பக்கம் வரும். அந்த இரண்டில் ஒரு மெஷினின் உருளைகள் வழுவழுப்பு. மற்றதில் சாய்வாகக் கோடு வெட்டியிருக்கும், ஷீட்டில் வரி விழுவதற்கு.

வரி வெட்டிய உருளையைத் தடவிப் பார்த்ததுமே டயர் இதில் வழுக்காது என்று தெரிந்துவிட்டது. கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, தனித்தனியாகத் தரமாட்டேன், இரண்டு மெஷினையும் எடுத்துக்கொண்டு போ என்றார். பேரம் பேச எனக்கு வராது. இரண்டையும் மச்சானுடைய கூட்டாளியின் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். தூக்கி இறக்கியதில் மச்சானின் செருப்பு அறுந்தது. அதற்கும் என்னைத்தான் பார்த்தார்.

ஆங்கிள் இரும்பை வெட்டிச் சட்டம் செய்தோம். வரி உருளைகள் இரண்டையும் படுக்க வைத்தாற்போல், நடுவில் டயர் உட்கார இடம் விட்டுப் பொருத்தினோம். சுற்றுவதற்கு, பட்டறையில் கழற்றிப் போட்ட லோரி ஸ்டார்ட்டர் ஒன்றையும் இரண்டு பழைய பேட்டரிகளையும் மச்சான் முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தார். அதை ஒரு உருளையில் மாட்டினோம். அந்த உருளை சுற்றினால் மற்றதும் சேர்ந்து சுற்ற வேண்டும். மெஷினில் உருளைகள் நெருக்கமாக இருந்ததால் அதன் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பிடித்திருந்தன. இங்கே இடைவெளி விட்டதில் எட்டவில்லை. இன்னொரு மெஷினின் பல்சக்கரங்கள் இரண்டும் சும்மாதானே கிடக்கின்றன என்று அவற்றை நடுவில் கொடுத்தோம். நான்கு பல்சக்கரமும் வரிசையாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மச்சான் கிரீஸ் பூசிவிட்டு தூரப் போய் நின்று பார்த்தார்.

"ஃபாக்டரிச் சாமான் மாதிரி இருக்கு மாமா."

வண்டியின் பின்சக்கரத்தை ஏற்றினோம். மேலே உட்கார்ந்து, முன் பிரேக்கைப் பிடித்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை அழுத்திக்கொண்டு தலையாட்டினேன். மச்சான் பட்டனை அழுத்தினார்.

சக்கரம் சுற்றவில்லை. வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது. பின்பக்கம் கீழே கீழே இறங்குவது போல இருந்தது. அடியிலிருந்து புகை. கருகிய ரப்பர் நாற்றம் வீட்டுக்குள் போய், மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நிறுத்து, நிறுத்து," என்றேன். மச்சான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

பேட்டரி போதவில்லை என்றார் அவர். சக்கரத்தில் காற்று அதிகம் என்றேன் நான். பேட்டரியை மாற்றினோம், காற்றைக் குறைத்தோம், பிரேக் பிடித்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தோம். அடுத்த வாரமும் இதே கதை, இதே புகை. நான் ஒரு ஸ்பானரைத் தூக்கிப் பூந்தொட்டியில் எறிந்தேன். தொட்டி உடைந்தது. அதை எடுத்துக் கூட்ட வந்த மனைவி டயரைக் குனிந்து பார்த்தாள். டயரில் இரண்டு இடத்தில் சாய்வாக வரி வரியாக விழுந்திருந்தது.

"என்னங்க இது, டயரை ஷீட்டு போட்டு வச்சிருக்கீங்க?"

"உள்ள போ," என்றேன்.

"உள்ள போறேன். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, இது ரெண்டும் எப்படிச் சுத்துது?" துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி, ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் உருட்டிக் காட்டினாள். "ஷீட் மெஷின்ல ஒண்ணு இப்படிப் போகும், ஒண்ணு அப்படி வரும். அப்பதானே ரப்பர் உள்ள இழுபடும். இதுலயும் அப்படியேதான் சுத்துது. சக்கரத்தைப் புடிச்சு உள்ள இழுக்குது, பாவம்."

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சக்கரம் சுற்ற வேண்டுமென்றால் அதன் அடியில் இரண்டு உருளையும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோட்டத்து ஷெட்டில் அந்தக் கைப்பிடியைச் சுற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு உருளை என்றால் எதிரெதிராகத்தான் சுற்றும் என்று எங்கள் கையே முடிவு செய்துவிட்டது. அந்தப் பல்சக்கரங்களை வரிசையாக வைக்கும்போது ஒரு சந்தேகம்கூட வரவில்லை. தோட்டத்தைப் பார்த்தே இராத ஒருவன் இதைச் செய்திருந்தால் முதல் நாளே சரியாகச் செய்திருப்பான். மச்சானின் அக்காவும் அதே ஷெட்டில் சுற்றியவள்தான். அவள் மட்டும் எப்படி யோசித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

"அக்கா சொல்றது சரிதான் மாமா," என்றார் மச்சான், வேறு யாரோ தப்பு செய்தது போல.

பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு உருளையின் முனையிலும் ஒரே அளவு ஸ்ப்ராக்கெட் வைத்துச் செயின் மாட்டினோம். இப்போது இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. ஆனால் தப்பான பக்கம். வண்டி முன்னால் போக வேண்டுமென்றால் அடியில் உள்ள உருளை பின்பக்கம் சுற்ற வேண்டும். நாங்கள் முன்பக்கமாகவே விட்டிருந்தோம். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் பின்னோக்கிச் சுற்றி, கார்புரேட்டர் வழியாக என் கால்சட்டையில் பெட்ரோலைத் துப்பியது.

"சின்ன விஷயம்," என்ற மச்சான் பேட்டரி ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தார். மறுபடியும் அதே பக்கம்தான் சுற்றியது. திரும்ப மாற்றினார். அப்போதும் அதே பக்கம். லோரி ஸ்டார்ட்டரை எப்படிக் கொடுத்தாலும் அது சுற்றுகிற பக்கம்தான் சுற்றும் என்று அவருடைய பட்டறையில் யாரோ போனில் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிரித்ததும் கேட்டது. ஸ்டார்ட்டரைக் கழற்றி உருளையின் மறுமுனைக்குத் திருப்பி மாட்ட வேண்டியதாயிற்று. அதற்குச் சட்டத்தை வெட்டி மறுபடியும் ஒட்ட வேண்டும். மச்சான் ஒட்டினார். ஆனால் அன்றைக்கு அவர் அவசரத்தில் இருந்தார். இடது மூலையில் ஒட்டு சரியாக ஓடவில்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்த விதத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் சாயந்தரம் வண்டி ஸ்டார்ட் ஆனது. நான் மட்டும்தான் இருந்தேன். சக்கரத்தை ஏற்றி, இடது கையால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டார்ட்டர் பட்டனை ஹாண்டில்பாரில் ஒயர் இழுத்துக் கட்டியிருந்தேன். அழுத்தினேன், சக்கரம் சுற்றியது, கிளட்ச்சை விட்டேன். ஒரு இருமல். பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. யாரும் தள்ளவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்குச் சத்தம் தொல்லையாக இருக்குமே என்று அணைத்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் எழுந்து வந்து பார்த்தால் இரண்டு உருளைக்கும் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள் மனைவி. புது மெஷின், முதல் தடவை நாலு பேர் முன்னால் ஓடப்போகிறது, சும்மா விடக்கூடாது என்று. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. நான் துடைக்கப் பெயிண்ட் தின்னர் பாட்டிலை எடுத்தேன்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தைத் தின்னர் ஊத்தியா துடைக்கிறீங்க?"

"வழுக்கும்."

"அடுத்த தடவை நீங்களே வெல்டிங் வச்சு கும்பிடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். என்னைவிட இளையவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டாங்கியைத் தட்டிப் பார்க்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

"மாமா, போட்டுக் காட்டுங்க," என்றார் மச்சான்.

சக்கரத்தை ஏற்றினேன். இப்போது இது ஸ்டார்ட் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். அவர் பார்ப்பார், புரிந்துகொள்வார், போய்விடுவார். அழுத்தினேன். முதல் தடவையிலேயே பிடித்தது. அந்தச் சின்னத் தாழ்வாரத்தில் ஐந்நூறு சிசி சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நியூட்ரலில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பிடித்தார், என்னைப் பிடித்தார், குனிந்து உருளைகளைப் பிடித்தார். மச்சானின் காதருகே போய்க் கத்தினார். அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

"ரப்பர் மெஷின் ரோலரா இது? அப்ப இதையும் சேர்த்து எடுத்துக்கிறேன். வாசல்ல இப்படியே வச்சா கஸ்டமர் அசந்துடுவாங்க. விசேஷ நாள்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டலாம்."

மச்சான் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "மாமா, உங்க மெஷினுக்கும் ஆள் கிடைச்சிருச்சு."

இத்தனை வாரம் நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றவருக்கு ஸ்டார்ட் செய்து காட்டியிருக்கிறேன். அவராக வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான்.

"விக்கலை," என்றேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"நான் விக்கலைங்க."

மச்சானும் தலையாட்டினார். இருவருக்கும் கேட்கவில்லை. கடைக்காரர் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். "என்ன அண்ணே?" என்று அவர் உதடு அசைந்தது.

சத்தத்தில் சொன்னேன், அவர்களுக்குக் கேட்கவில்லை, அது என் தப்பில்லை என்று அப்படியே விட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் காது என் வாய்க்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன். தெரு முழுக்க அமைதியானது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"நான் விக்கலைங்க. விக்கணும்னு நினைச்சதே இல்ல. எனக்கு ஓட்டணும்."

கடைக்காரர் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை கடையில எவ்வளவு கூட்டம் தெரியுமா? எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருக்கேன்."

மனைவி காப்பி கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மச்சான் கேட் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஆங்கிள் வெட்டி, ஒட்டி, பேட்டரி தூக்கி, முதலாளிகிட்ட பல்லைக் காட்டி. இதெல்லாம் எதுக்கு மாமா?"

"எனக்கு ஓட்டுறதுக்கு."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

துணியை எடுத்து டாங்கியைத் துடைத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். அக்கா கூப்பிட்டும் சாப்பிட நிற்கவில்லை. கோழிக்கறி வைத்திருந்தாள். நாங்கள் இருவர் மட்டும் சாப்பிட்டோம். கடைசியில் அவள், "உங்களுக்கு வாய் இருக்குங்கிறதே இன்னிக்குத்தான் தெருவுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா என்று தெரியவில்லை.

சாயந்தரம் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்று வண்டியை மறுபடியும் உருளையில் ஏற்றினேன். பட்டனை அழுத்தியதும் படாரென்று ஒரு சத்தம். இடது மூலையில் ஒட்டு விட்டுப்போய், சட்டம் சாய்ந்து, செயின் கழன்று விழுந்தது. நான் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்ட அதே ஒட்டு.

வண்டியை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். வெளிப் பட்டறையில் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே இது என்ன, எதற்கு, ஏன் ரப்பர் உருளை என்று பத்துக் கேள்வி வரும். போனை எடுத்து மச்சானை அழைத்தேன். நானாக அவரை அழைத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அவர் பதறிவிட்டார்.

"என்ன மாமா, அக்காவுக்கு ஏதாச்சுமா?"

"இல்ல மச்சான். ரோலர்ல வெல்டிங் விட்டுருச்சு. வந்து ஒட்டித் தர முடியுமா?"

அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒட்டித் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க அந்த ஆளுக்கு போன் பண்ணி ஸாரி சொல்லணும். நீங்களே சொல்லணும், அக்காவை வச்சுச் சொல்லக் கூடாது. நம்பர் அனுப்புறேன்."

நம்பர் உடனே வந்து விழுந்தது.

அது இன்னும் என் போனில் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். உருளைச் சட்டம் சாய்ந்தபடியே தாழ்வாரத்தில் கிடக்கிறது, செயின் அதன் மேல். மனைவி அதைச் சுற்றித்தான் கூட்டுகிறாள். இன்றைக்கு ஞாயிறு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் இலை போடக்கூட ஆள் பற்றாது, யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அழைக்கலாம் என்றிருக்கிறேன்.